பழுப்புக் குப்பியில் தேனீப் பிசின்: வாய்ப் பூஞ்சைக்கு எதிராக ஒரு புரோபோலிஸ் சாறு

ஆஸ்துமாவுக்காக நாள்தோறும் ஸ்டீராய்டு இன்ஹேலர் பயன்படுத்துபவர்களுக்கு நேரக்கூடியதுதான் எனக்கும் நேர்ந்தது. ஒருநாள் காலையில் பல் துலக்கும்போது நாக்கிலும் கன்னத்தின் உட்புறத்திலும் திரிந்த பால் ஒட்டியதுபோல வெள்ளைத் திட்டுகள் தெரிந்தன. ஈரத்துணியால் வழித்தபோது அவை பெயர்ந்து வந்தன, அடியில் சிவந்து எரிந்தது. மருத்துவர் பார்த்த மாத்திரத்திலேயே கேண்டிடா என்ற பூஞ்சை என்று சொல்லி, நிஸ்டாட்டின் என்ற பூஞ்சை மருந்துத் திரவம் எழுதிக்கொடுத்தார். இரண்டு வாரத்தில் வாய் சுத்தமாயிற்று. மூன்று மாதத்திற்குள் மறுபடியும் தலைகாட்டியது. இரண்டாம் முறையும் அதே மருந்தில் அடங்கியபின், மூன்றாம் முறை வராமல் தடுக்க என்ன வழி என்று தேடிக்கொண்டிருந்தபோது கைக்கு வந்து சேர்ந்ததுதான் இங்கே நான் மதிப்பிடும் பொருள்: சொட்டுக்குழாய் பொருத்திய பழுப்புக் கண்ணாடிக் குப்பியில் 30 மி.லி. புரோபோலிஸ் சாறு. ‘புரோபோலிஸ் 20 சதவீதம், எத்தனால் 70 சதவீதம், வாயில் வளரும் பூஞ்சைகளை அழிக்கும், பத்துச் சொட்டு ஒரு குவளை நீரில்’ என்று அதன் மேலட்டை கூறுகிறது. தயாரிப்பாளரின் பெயரை நான் எழுதப்போவதில்லை. இதில் நான் கண்ட குறைகளில் பெரும்பாலானவை இந்த வகைப் பொருள் அனைத்துக்கும் பொதுவானவை.

புரோபோலிஸ் என்பதைத் தேனின் ஒரு வகை என்று எண்ணிக்கொள்பவர்கள் பலர் உண்டு. அது தேன் அன்று. மரங்களின் மொட்டிலும் பட்டையின் வெடிப்பிலும் கசியும் பிசினைச் சுரண்டியெடுத்து, கால்களில் சுமந்து வந்து, மெழுகோடு கலந்து, கூட்டின் இடுக்குகளை அடைக்கத் தேனீக்கள் பயன்படுத்தும் பூச்சு அது. கூட்டுக்குள் புகுந்து செத்துப்போன எலியை வெளியே இழுத்துப் போட இயலாதபோது, அதன் மேல் இந்தப் பிசினைப் பூசி அழுகாமல் மூடிவைத்துவிடும் அளவுக்கு அதன் கிருமித்தடுப்பு ஆற்றலைத் தேனீக்கள் நம்புகின்றன. எல்லாத் தேனீயும் இதைச் சேர்ப்பதில்லை என்பதையும் சொல்லிவைக்கிறேன். பெட்டிகளில் வளர்க்கப்படும் இத்தாலியத் தேனீ சேர்க்கும். நம் அடுக்குத் தேனீக்கு அந்த வழக்கமே இல்லை. கொசுத்தேனீ பிசினை ஏராளமாகச் சேர்த்தாலும் அதன் சேர்க்கை வேறு. ஆகவே குப்பியின் மேல் ‘தேனீப் பிசின்’ என்று மட்டும் எழுதியிருந்தால், அது எந்தத் தேனீ என்ற கேள்வியே முதலில் எழ வேண்டும்.

அதைவிடப் பெரிய கேள்வி எந்த மரம் என்பது. ஐரோப்பா போன்ற மிதவெப்பப் பகுதிகளில் பெரும்பாலும் பாப்லார் மரத்தின் மொட்டுப் பிசினைத் தேனீக்கள் எடுக்கின்றன. அதில் பினோசெம்பிரின், கலான்ஜின், கிரைசின் முதலிய, ஃபிளேவனாய்டு எனப்படும் தாவரப் பொருள்களும் காஃபிக் அமில எஸ்டர்களும் நிறைந்திருக்கும். பிரேசிலின் பச்சைப் புரோபோலிஸ் பாக்கரிஸ் டிராகுன்குலிஃபோலியா என்ற புதர்ச்செடியிலிருந்து வருவது. அதன் முக்கியப் பொருள் ஆர்ட்டிபிலின்-சி. அதே நாட்டின் சிவப்புப் புரோபோலிஸுக்கு மூலம் டால்பெர்ஜியா இனத்துச் செடி. கியூபாவிலோ குளூசியா மலர்களின் பிசின். இவை நான்கும் ஒரே பெயரில் விற்கப்பட்டாலும் வேதியியலில் நான்கு வேறு பொருள்கள். ஒன்றை வைத்து ஆய்வுக்கூடத்தில் கண்ட முடிவை மற்றொன்றின் குப்பியில் ஒட்டுவது, ஒருவருக்கு எழுதிய மருந்துச் சீட்டை அடுத்த வீட்டுக்காரருக்குக் கொடுப்பது போன்றது. நான் வாங்கிய குப்பியில் மரத்தின் பெயரும் இல்லை, பிசின் வந்த நாட்டின் பெயரும் இல்லை.

கேண்டிடாவை இது கொல்லுமா என்றால், கண்ணாடிக் குழாய்க்குள் கொல்லும் என்பதில் எனக்கு ஐயமில்லை. புரோபோலிஸின் எத்தனால் (ஆல்கஹால்) சாறு கேண்டிடா அல்பிகன்ஸின் வளர்ச்சியைத் தடுப்பதையும், போதிய செறிவில் அழிப்பதையும் பல நாட்டு ஆய்வுக்கூடங்கள் மீண்டும் மீண்டும் காட்டியிருக்கின்றன. பிசினிலுள்ள ஃபீனாலிகப் பொருள்கள் ஈஸ்ட் செல்லின் சவ்வைக் குலைத்து உள்ளிருப்பதைக் கசியவிடுகின்றன. அதைவிட எனக்குச் சுவையாகப் பட்டது இன்னொரு செயல். கேண்டிடா அல்பிகன்ஸ் இரண்டு உருவம் கொண்டது: உருண்டை ஈஸ்டாக இருக்கும்வரை பெரும்பாலும் சாது, இழையாக நீளத் தொடங்கினால்தான் திசுவுக்குள் ஊடுருவித் தொல்லை தருகிறது. நலமாக இருப்பவர்களிலும் மூன்றில் ஒருவருக்கு மேல் வாயில் இந்த ஈஸ்ட் தங்கியிருக்கிறது என்பதை எண்ணிப் பார்த்தால், அதை முற்றாக ஒழிப்பதைவிட உருண்டையாகவே இருக்கச் செய்வதுதான் நியாயமான இலக்கு. இழை முளைப்பதையும், பரப்புகளில் ஒட்டிப் படலம் கட்டுவதையும் புரோபோலிஸ் தடுப்பதாகச் சோதனைகள் காட்டுகின்றன. ஆனால் ஏற்கெனவே முதிர்ந்து கெட்டிப்பட்ட படலத்தை அசைக்க இதற்கு மிக அதிகச் செறிவு தேவைப்படுகிறது. புளூகோனசோல் என்ற பூஞ்சை மருந்து இயல்பாகவே வேலை செய்யாத கேண்டிடா குரூசெய் போன்ற இனங்களிலும் புரோபோலிஸ் சோதிக்கப்பட்டிருக்கிறது. 2022-இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட முதன்மைப் பூஞ்சைகளின் பட்டியலில் கேண்டிடா அல்பிகன்ஸும் கேண்டிடா ஆரிஸும் மிகக் கடுமையான முதற்பிரிவில் இடம்பெற்றிருக்கும் நிலையில் இந்த ஆய்வுகளுக்குப் பொருள் உண்டு.

குழாயிலிருந்து வாய்க்கு வரும்போதுதான் கணக்கு இடறுகிறது. மேலட்டை சொல்லும் 20 சதவீதம் எதனுடையது என்பது முதல் இடறல். நூறு மில்லிலிட்டர் ஆல்கஹாலில் இருபது கிராம் கச்சாப் புரோபோலிஸை ஊறவைத்தாலும் அப்படி எழுதலாம். மெழுகும் கசடும் வடிகட்டியபின் கரைந்து நிற்கும் பிசின் இருபது கிராம் என்றாலும் அப்படியே எழுதலாம். இரண்டுக்கும் இடையே பாதிக்குப் பாதி வேறுபாடு இருக்கக்கூடும். தெரிந்துகொள்ள வேண்டும் என்ற பிடிவாதத்தில், ஒரு சிறிய கண்ணாடித் தட்டை நகைத் தராசில் நிறுத்து, அதில் ஐந்து மில்லிலிட்டர் சாற்றை ஊற்றி, மூன்று நாள் தூசு படாமல் காயவைத்தேன். ஆல்கஹாலும் நீரும் போனபின் தட்டில் தேன் நிறத்தில் வார்னிஷ் போல ஒரு படலம் மிஞ்சியது. விரல் வைத்தால் ரேகை பதிந்தது. அதன் எடை ஏறத்தாழ 0.4 கிராம். அதாவது மில்லிலிட்டருக்கு 80 மில்லிகிராம், எட்டு சதவீதம். வீட்டுத் தராசின் துல்லியத்தை நான் பெரிதாக மதிக்கவில்லை என்றாலும், எட்டுக்கும் இருபதுக்கும் உள்ள இடைவெளி தராசின் பிழைக்குள் அடங்கிவிடக்கூடியது அன்று.

இனி மீதிக் கணக்கு. ஆல்கஹாலின் சொட்டு தண்ணீர்ச் சொட்டைவிடச் சிறியது. இந்தச் சொட்டுக்குழாயில் பத்துச் சொட்டு சுமார் கால் மில்லிலிட்டர் வருகிறது. அதில் பிசின் 20 மில்லிகிராம். அரைக் குவளை என்று 50 மி.லி. நீரில் விட்டாலும், மில்லிலிட்டருக்கு 0.4 மில்லிகிராம், அதாவது 400 மைக்ரோகிராம். ஆய்வுக்கூடங்களில் கேண்டிடாவைத் தடுத்த செறிவுகள் மாதிரிக்கு மாதிரி பத்துகளிலிருந்து ஆயிரங்கள் வரை மைக்ரோகிராமில் பரவிக் கிடப்பதால், இந்த எண் எங்கோ எல்லைக்கோட்டில் நிற்கிறது என்று சொல்லலாம். ஆனால் அந்தச் சோதனைகளில் ஈஸ்ட் அந்தச் செறிவிலேயே 24 அல்லது 48 மணி நேரம் ஊறிக்கிடக்கிறது. நான் கொப்பளிப்பதோ ஒரு நிமிடம். துப்பிய மறுகணமே உமிழ்நீர் சுரந்து மிச்சத்தைக் கழுவத் தொடங்குகிறது. சும்மா இருக்கும்போதே நிமிடத்துக்கு 0.3 மி.லி. அளவில் அது ஊறிக்கொண்டிருக்கும். போதாக்குறைக்கு, பிசின் நீரில் கரைவதும் இல்லை. சொட்டு விழுந்ததும் தண்ணீர் மஞ்சள் கலந்த பால் நிறத்துக்கு மாறுவதைக் கண்டு ‘நன்றாகக் கலந்துவிட்டது’ என்று மகிழ வேண்டாம். அது பிசின் கரைசலிலிருந்து பிரிந்து நுண்துகளாகத் திரளும் காட்சி. ஐந்து நிமிடம் வைத்திருந்தால் குவளையின் விளிம்பில் ஒரு பழுப்பு வளையம் ஒட்டிக்கொள்கிறது, வாய்க்குள் போயிருக்க வேண்டிய மருந்து அதுதான். நீர்த்த கலவையில் ஆல்கஹால் 0.4 சதவீதத்தையும் எட்டாது என்பதால், ஆல்கஹாலே பூஞ்சையைக் கொன்றுவிடும் என்ற வாதத்துக்கும் இடமில்லை.

இவ்வளவு தெரிந்தபின்னும் ஆறு வாரம், இரவில் பல் துலக்கியபின் ஒருமுறை, அதைப் பயன்படுத்தினேன். குங்கிலியத்தைப் பற்றவைக்கும் முன் முகர்ந்தால் வருமே, ஏறத்தாழ அந்த மணம். அதனடியில் லேசான மெழுகு வாசனை. சுவை கசப்பும் துவர்ப்பும் கலந்தது. இருபது விநாடிக்குள் நாக்கு நுனி மரத்துவிடுகிறது, அது கால் மணி நேரம் நீடிக்கிறது. வாயில் புண் இருந்த ஒரு வாரம் இந்த மரத்துப்போதல் உண்மையில் இதமாக இருந்தது என்பதை நேர்மையாகச் சொல்ல வேண்டும். அட்டையில் எழுதாத ஒரு பயன் இது. பற்கள் பழுப்பேறியதைக் கண்ணாடியில் நான் பார்க்கவில்லை, கறையை வாஷ்பேசினில்தான் பார்த்தேன். வெள்ளைப் பீங்கானில் துப்பிய இடமெல்லாம் மஞ்சள் பொட்டுகள் படிந்து, சோப்புக்கும் சுடுநீருக்கும் அசையாமல், கடைசியில் ஸ்பிரிட் நனைத்த பஞ்சுக்குத்தான் பணிந்தன. சொட்டுக்குழாயின் மூடி நான்காம் வாரத்தில் கழுத்தோடு ஒட்டிக்கொண்டு, திருகும்போது ரப்பர் முனை கையோடு வந்துவிட்டது. பிசின் விற்பவர் மூடியைப் பற்றிச் சிந்தித்திருக்க வேண்டாமா?

அந்த ஆறு வாரத்திலும், அதன்பின் ஐந்து மாதத்திலும் வெள்ளைத் திட்டு திரும்பவில்லை. இதைப் படித்துக் குப்பியைத் தேடி ஓடுவதற்குமுன் ஒரு வரி: இந்தச் சாற்றைத் தொடங்கிய அதே வாரத்தில்தான் நான் இன்ஹேலருக்கு ஸ்பேசர் குழல் பொருத்திக்கொள்ளவும், ஒவ்வொரு முறையும் மருந்தை உறிஞ்சியபின் வெறும் தண்ணீரில் கொப்பளித்துத் துப்பவும் தொடங்கினேன். தொண்டையிலும் நாக்கிலும் ஸ்டீராய்டு படிவதைக் குறைக்க மருத்துவர்கள் எப்போதும் சொல்லும் அந்த இரண்டையும் நான் அதுவரை அலட்சியம் செய்திருந்தேன். பெருமை தண்ணீருக்கா பிசினுக்கா என்று கேட்டால், தண்ணீருக்கு என்றே நான் பந்தயம் கட்டுவேன்.

நடுவில் ஒரு விபரீதமும் செய்தேன். அம்மாவின் மேல் பல்செட்டுக்கு அடியில் அண்ணம் சிவந்திருந்தது. பல்செட் அணிபவர்களுக்கு அதன் அடியில் கேண்டிடா படலம் கட்டி இப்படி அழற்சி உண்டாவது வழக்கம் என்று படித்திருந்ததால், ஒரு இரவு முழுவதும் பல்செட்டை இந்தச் சாறு கலந்த நீரில், சொட்டுகளைத் தாராளமாக விட்டு, ஊறப்போட்டேன். காலையில் எடுத்துப் பார்த்த அம்மா, “ஏம்ப்பா, என் பல்லுக்கு மஞ்சள் காமாலை வந்துவிட்டதா?” என்று கேட்டார். அக்ரிலிக்கின் மெருகில்லாத உட்பரப்பில் பிசின் நன்றாகப் பிடித்திருந்தது. ஸ்பிரிட் போட்டுத் துடைக்கலாம் என்று கிளம்பிய என்னைப் பல் மருத்துவர் தொலைபேசியிலேயே தடுத்தார்: ஆல்கஹால் பட்டால் அந்த அக்ரிலிக்கில் நுண்வெடிப்புகள் விழும், அந்த வெடிப்புகளே ஈஸ்டுக்கு வீடாகும். இரவில் பல்செட்டைக் கழற்றிவைப்பது, மென்மையான பிரஷ்ஷால் தேய்ப்பது, அவர் சொன்ன கரைசலில் ஊறவைப்பது, இவ்வளவிலேயே அண்ணத்தின் சிவப்பு தணிந்தது. பல்செட் அழற்சிக்குப் புரோபோலிஸை வைத்து மனிதர்களிடம் செய்த ஆய்வுகள் இருக்கின்றன என்பதும், பிரேசிலில் மைக்கோனசோல் என்ற பூஞ்சை மருந்து ஜெல்லோடு ஒப்பிட்ட சிறிய சோதனைகளில் அது ஏறத்தாழ இணையாகவே நின்றது என்பதும் உண்மை. ஆனால் அங்கே பயன்படுத்தியது அண்ணத்திலும் பல்செட்டின் உட்பக்கத்திலும் ஒட்டி நிற்கும் ஜெல். கொப்பளித்துத் துப்பும் சொட்டு அன்று. ஒட்டி நிற்கும் நேரம்தான் அங்கே மருந்து என்று எனக்குத் தோன்றுகிறது. பங்கேற்றவர்களின் எண்ணிக்கையும் பத்துகளில்தான் இருந்தது.

இதை நிஸ்டாட்டினோடு ஒப்பிடாமல் விடுவது முறையாகாது. அதுவும் இயற்கையிலிருந்து வந்ததுதான்: எலிசபெத் லீ ஹேசன், ரேச்சல் ஃபுல்லர் பிரவுன் என்ற இரு பெண் விஞ்ஞானிகள் 1950-இல் மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரிலிருந்து அதைப் பிரித்தெடுத்தார்கள், தாங்கள் பணியாற்றிய நியூயார்க் மாநிலத்தின் பெயரையே அதற்குச் சூட்டினார்கள். வேறுபாடு இயற்கைக்கும் செயற்கைக்கும் இடையே இல்லை, அளவில் இருக்கிறது. நிஸ்டாட்டின் குப்பியில் மில்லிலிட்டருக்கு 1,00,000 அலகு என்று அச்சிட்டிருந்தால் அடுத்த குப்பியிலும் அதேதான் இருக்கும். அந்த உறுதி எனக்குப் புரோபோலிஸில் கிடைக்கவில்லை. 2010-இல் புரோபோலிஸ் ஃபிளேவனாய்டுகளுக்கான நலக் கோரிக்கைகளை ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் ஏற்க மறுத்ததற்குக் காரணமும் இதையொட்டியதே: விற்கப்படும் பொருள் எதுவென்றே போதுமான அளவு வரையறுக்கப்படவில்லை. பாப்லார் மொட்டையே நேரடியாகக் காய்ச்சி எடுத்த பிசினைத் தேனீயின் பெயரில் விற்கும் கலப்படமும் உண்டு. தேனீயின் நொதி படாத பிசினில் சாலிசின் என்ற பொருள் சிதையாமல் எஞ்சியிருப்பதை வைத்து ஆய்வாளர்கள் அதைப் பிடிக்கிறார்கள். வாங்குபவருக்கு அந்த வசதி ஏது?

ஒவ்வாமையைப் பற்றி அட்டையில் ஒரு சொல்கூட இல்லாததுதான் எனக்கு உண்மையிலேயே சினம் மூட்டியது. புரோபோலிஸ் தொடுகை ஒவ்வாமை நன்கு அறியப்பட்ட ஒன்று. காஃபிக் அமிலத்தின் சில எஸ்டர்களே அதற்கு முக்கியக் காரணம். தேனீ வளர்ப்பவர்களின் கைகளிலும், வார்னிஷில் இதைச் சேர்க்கும் வயலின் செய்பவர்களின் விரல்களிலும் தோல் அழற்சியாக அது முதலில் கவனிக்கப்பட்டது. வாயில் வந்தால் உதடு வீங்கி, வாய் முழுவதும் புண்ணாகும். பெரு பால்சம் என்ற மரப்பிசினுக்கு ஒவ்வாமை உள்ளவர்களுக்கு இதுவும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். நான் முதலில் முழங்கையின் உள்மடிப்பில் ஒரு சொட்டை இரண்டு நாள் தடவிப் பார்த்தபின்பே வாயில் விட்டேன். ஆஸ்துமாக்காரனான நான் மருத்துவரைக் கேட்டுவிட்டே அதையும் செய்திருக்க வேண்டும். 70 சதவீத ஆல்கஹால் உள்ள இந்தச் சொட்டைக் கைக்குழந்தையின் வாய் வெண்படலத்துக்கு யாரும் எண்ணிக்கூடப் பார்க்கக் கூடாது. பெரியவர்களுக்கும் ஒரு எச்சரிக்கை: வழித்தால் பெயராத வெள்ளைத் திட்டு, இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண், விழுங்கும்போது வலி ஆகியவை எந்தக் குப்பியாலும் தள்ளிப்போடத்தக்கவை அல்ல, அவை பூஞ்சையாகவே இல்லாமலும் இருக்கலாம். எனக்கு வந்தது அடிக்கடி திரும்பியபோது மருத்துவர் முதலில் பார்த்தது வாயை அன்று, இரத்தத்தில் சர்க்கரை அளவை.

இதே தயாரிப்பாளரின் ஆல்கஹால் இல்லாத நீர்ச் சாற்றுத் தெளிப்பானையும் ஒரு வாரம் பயன்படுத்திப் பார்த்தேன். எரிச்சல் இல்லை, கறை இல்லை, நாக்கு மரத்துப்போகவும் இல்லை. பூஞ்சைக்கு எதிராகப் பேசப்படும் ஃபிளேவனாய்டுகள் நீரில் மிகக் குறைவாகவே இறங்கும் என்பதால், இனிப்பூட்டிய அந்தத் தெளிப்பானில் அவை போதுமான அளவு இருக்கும் என்ற நம்பிக்கை எனக்கு எழவில்லை.

ஆக, வாயில் உள்ள கேண்டிடா நோய்க்கு மருந்தாக இந்தக் குப்பிக்கு ஐந்துக்கு ஒன்றரை தருவேன். சிறு வாய்ப்புண்ணின் எரிச்சலைத் தற்காலிகமாக மரக்கச் செய்யும் பொருளாக மூன்றரை. தாவர மூலம், உலர்சாற்றின் எடை மில்லிலிட்டருக்கு இத்தனை மில்லிகிராம், முதன்மை ஃபிளேவனாய்டுகளின் அளவு, ஒவ்வாமை எச்சரிக்கை ஆகிய நான்கையும் அச்சிட்டு, சொட்டுக்குப் பதிலாக ஒட்டி நிற்கும் ஜெல்லாக அதே தயாரிப்பாளர் கொண்டுவந்தால் மறுபடியும் வாங்கிப் பார்ப்பேன். இந்த விவரங்களைக் கேட்டு நான் அனுப்பிய கடிதத்துக்கு வந்த பதிலில் நன்றியும், அடுத்த கொள்முதலுக்குத் தள்ளுபடிக் குறியீடும் இருந்தன. மீதியிருக்கும் அரைக் குப்பி இப்போது குளியலறை அலமாரியில், மூடி ஒட்டிப்போன நிலையில், ஸ்பிரிட் பாட்டிலின் பக்கத்தில் நிற்கிறது.